ஐம்பத்தையாயிரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்

நல்லவேளையாக அந்த வருஷம் நான் போட்ட கணக்கு எடுபடவில்லை. எடுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் அவ்வப்போது கணக்குப் போட்டுப் பார்ப்பேன். பிறகு எடுபடவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்து நோட்டை மூடி வைப்பேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் வீட்டில் என்னைக் கிழவன் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன், எண்ணி முடித்ததும் கவலைப்படுவேன். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடுகள். அதில் இருபத்தேழு வீடுகளின் ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். தெருவில் தீப்பிடித்தால் வாளி தூக்க மீதிப் பதினாலு வீட்டு ஆண்கள் போதுமா என்பது என் அந்த வருஷத்துக் கவலைகளில் ஒன்று.

அத்தா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பாவும் அந்த இருபத்தேழில் சேர்ந்தவர். ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டுப் போன் செய்வார். பிளஸ் டூவில் ஆயிரத்துக்கு மேல் மார்க் எடுத்தால் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக அக்காவிடம் எப்போதோ சொல்லியிருந்தார். அக்கா ஆயிரத்து நாற்பத்தொன்று எடுத்துவிட்டாள். அத்தா சொன்ன சொல் மாறாமல் ஐம்பத்தையாயிரம் ரூபாய் அனுப்பி, "என்ன வாங்குறதுன்னு பெரியத்தாட்ட கலந்துக்குங்க. அண்ணன் எப்புடிச் சொல்றாரோ அப்புடி" என்று போனை வைத்துவிட்டார்.

பெரியத்தா, அத்தாவின் அண்ணன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கம்பி, சிமெண்ட் கடை வைத்திருந்தார். அத்தா ஊரில் இல்லாத காலங்களில் எங்கள் வீட்டுக்கும் அவர்தான் பெரியவர். தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். ஐம்பத்தையாயிரத்துக்கு மேசையில் வைக்கிற பெரிய கம்ப்யூட்டராக வாங்கிவிடலாம் என்பது அவருடைய யோசனை. அக்காவுக்கு லேப்டாப் வேண்டும். பெரம்பலூரில் விசாரித்ததில் லேப்டாப் ஒன்றே நாற்பத்தெட்டு, ஐம்பது என்றார்கள். ஆக ஒன்று வாங்கினால் மற்றது இல்லை.

இது கம்ப்யூட்டர் பற்றிய பேச்சு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அப்படி நினைத்தது நான் ஒருவன்தான். அக்காவுக்குத் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். பெரியத்தாவுக்கு அதில் மனமில்லை. "அத்தா ஊர்ல இல்லாத புள்ள. ஏதாச்சும் ஒண்ணுன்னா நாளைக்கு நாந்தானே பதில் சொல்லணும்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பிறகு கல்லூரியைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. எல்லோரும் கம்ப்யூட்டரைப் பற்றியே பேசினார்கள். மேசைக் கம்ப்யூட்டர் வந்தால் அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து தபால் வழியில் படிப்பாள். லேப்டாப் வந்தால் திருச்சிக்குப் போவாள். பத்து நாள் இப்படியே போனது.

அந்தப் பத்து நாளில் நான் சும்மா இருந்திருக்கலாம். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையிலும், பெரம்பலூரில் ஒரு கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்றும் விவரம் சேகரித்து, கட்டம் போட்ட நோட்டில் பன்னிரண்டு வரிகள் எழுதினேன். திரை அளவு, ஹார்ட் டிஸ்க், மெமரி, விசைகளின் எண்ணிக்கை, ரிப்பேர் ஆனால் பெரம்பலூரிலேயே ஆள் கிடைக்குமா, கீழே விழுந்தால் எது உடையும் என்று ஒவ்வொன்றாக மார்க் போட்டேன். மேசைக் கம்ப்யூட்டருக்கு ஒன்பது. லேப்டாப்புக்கு மூன்று. எடை, மின்சாரச் செலவு, கரண்ட் போனால் அணையாது என்ற மூன்றில் மட்டும்தான் அது ஜெயித்தது.

அக்கா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னொரு வரி சேத்துக்கடா" என்றாள்.

"என்ன?"

"வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போவலாமான்னு."

"அதான் எடையிலயே வந்துருச்சே. ஒரே விசயத்துக்கு ரெண்டு தடவ மார்க் போட முடியாது."

அவள் நோட்டை என் பக்கம் தள்ளினாள். பாவமாக இருந்ததால் அரை மார்க் போட்டேன். ஒன்பதுக்கு மூன்றரை. அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். பளபளப்பான பொருள் மேல் ஆசைப்பட்டு அது கிடைக்காத வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெரியத்தாவுக்கு அந்தப் பக்கம் மிகவும் பிடித்துவிட்டது. நோட்டைக் கடைக்குக் கொண்டுபோய், அரியலூரிலிருந்து சிமெண்ட் இறக்க வந்த லாரி டிரைவருக்குக்கூடக் காட்டினாராம். "கெழவன் கணக்குல ஒரு ஓட்ட கெடையாது" என்று என் முதுகில் தட்டினார். பரோட்டா வாங்கிக் கொடுத்தார். மூன்று தின்றேன்.

பதினாறாம் தேதி அஸருக்குப் பிறகு பெரியத்தா தனியாக வரவில்லை. பெரம்பலூரிலிருந்து கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். இளவயசுக்காரர். பைக்கில் வந்ததில் தலையெல்லாம் புழுதி. விலைப்பட்டியல் எழுதும் தாளையும் ரசீது புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு முன்கட்டில் உட்கார்ந்தார். அட்வான்ஸ் பணம் பெரியத்தாவின் சட்டைப்பையில் இருந்தது. கொடுத்துவிட்டால் முடிந்தது.

எங்கள் வீடுகளில் ஒரு பெண் கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. அம்மா அடுக்களை வாசலில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் நிற்பாள். பெரியத்தா இந்தப் பக்கம் நாற்காலியில் இருப்பார். நடுவில் நான். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்தாலும், நான் ஒரு முறை எடுத்துச் சொன்ன பிறகுதான் அது சொன்னதாகக் கணக்கு. நான் ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அந்த வேலைக்கு என்னைவிடத் தோதான ஆள் கிடையாது.

"தம்பி, ஒங்கம்மாட்ட சொல்லு" என்று பெரியத்தா தொடங்கினார். "எல்லாம் சேத்து அம்பத்தஞ்சுக்குள்ள முடிச்சுக் கொடுத்துர்றாராம். டேபிளு, பிரிண்டரு, யூபிஎஸ்ஸு எல்லாம் அதுலயே வந்துருதாம்."

சொன்னேன்.

கடைக்காரர் வியாபாரம் படிந்த சந்தோஷத்தில் இன்னும் ஒன்றைச் சேர்க்கப் பார்த்தார். "ஒரு கேமராவும் போட்டுக்கங்களேன் பாய். ஆயிரத்தி எரநூறுதான். அங்க இவங்கத்தா ஒரு கேமரா முன்னாடி உக்காந்தாருன்னா, இங்க மொகம் தெரியும். பேசிக்கலாம்."

"அதெல்லாம் என்னத்துக்கு" என்றார் பெரியத்தா.

திரை கொஞ்சம் அசைந்தது.

"தம்பி, மொகம் நல்லாத் தெரியுமான்னு கேளு."

நான் திரும்புவதற்குள் கடைக்காரர் நேராகத் திரையைப் பார்த்து, "கண்ணாடியில பாக்குற மாதிரி தெரியும்க்கா. நெட்டு மட்டும் இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார். பெரியத்தா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் உடனே என் பக்கம் திரும்பி, "தெரியும்னு சொல்லு தம்பி" என்றார். முறைப்படி நானும் ஒரு தடவை சொன்னேன்.

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு வேணும்னு பெரியத்தாட்ட சொல்லு."

"பெரியத்தா, அந்தக் கம்ப்யூட்டர் அம்மாவுக்கு வேணுமாம்."

"ஒங்கம்மாவுக்கா? என்னத்துக்காம்?"

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்காதான் அவங்க மொகத்தப் பாக்குறேன். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமையாச்சும் பாத்துக்கிறேன்னு சொல்லு."

ஒரு சொல் விடாமல், தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னேன். கடைக்காரர் தாளைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். அதில் அப்போது பார்க்க ஒன்றும் இல்லை. பெரியத்தா டீ கிளாசின் அடியைப் பார்த்தார். தம்பியின் மனைவி தம்பியின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள். வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது ஓர் அண்ணன் இதற்கு என்ன மறுப்பு சொல்ல முடியும்?

கடைசியில் கிளாசிலிருந்து தலையைத் தூக்கி, "அதுக்கென்ன. புள்ள படிக்காத நேரத்துல பாத்துக்கட்டும்" என்றார்.

"நாங்க பேசிக்கிறப்ப சமஞ்ச புள்ள பக்கத்துல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்னு கேளு தம்பி."

"பெரியத்தா, அவங்க பேசிக்கிறப்ப..."

"வுடு வுடு. வெளங்கிருச்சு" என்றார் பெரியத்தா அவசரமாக. நான் முழுதும் சொல்லாமல் விட்ட செய்தி அந்த வீட்டில் அது ஒன்றுதான். கிளாசைக் கீழே வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார். "அப்ப அந்தப் புள்ளைக்கு என்ன பண்றதாம்?"

"அவளுக்கு அவங்கத்தா அங்கேருந்தே சின்னதா ஒண்ணு வாங்கிக் கொடுத்து வுடட்டும். மேலத்தெரு ஹாஜியார் மவன் வர்ற வாரம் லீவுல வர்றாங்களாம். அங்க முப்பத்தொண்ணுக்குள்ள கெடைக்குதாம், அத அடுத்து அனுப்புற பணத்துல கழிச்சுக்கட்டும். இங்க மீதிக்கு என்ன வருதோ அது எனக்குப் போதும்னு சொல்லு."

ஷார்ஜாவில் லேப்டாப் என்ன விலை என்று அம்மா யாரிடம் விசாரித்தாள், எத்தனை நாளாக அதை மனதில் வைத்திருந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடையில் வெங்காயம் விலையைக்கூட என்னை அனுப்பித்தான் கேட்பாள்.

பெரியத்தா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு கடைக்காரரிடம், "இருவத்திநாலுக்குள்ள ஒண்ணு போட முடியுமா பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைக்காரர் பேனாவை எடுத்து மேலிருந்து அடித்துக்கொண்டே வந்தார். மேசை போனது. பிரிண்டர் போனது. பதினேழு அங்குலத் தட்டைத் திரை போய், யாரோ ஆறு மாதம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பதினைந்து அங்குலப் பெட்டித் திரை வந்தது. எண்பது ஜி.பி. நாற்பதானது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்.பி. மெமரி பாதியாகி இருநூற்று ஐம்பத்தாறானது. அத்தா வாங்கப்போகும் முப்பத்தோராயிர ரூபாய் லேப்டாப்பிலும் அதே இருநூற்று ஐம்பத்தாறுதான் இருக்கும் என்று அவர் சொன்னார். என் பன்னிரண்டு வரிகளிலும் இப்போது இரண்டு கம்ப்யூட்டர்களும் தோற்றுப்போயிருந்தன.

"பெரியத்தா, இப்புடிப் பிரிச்சா ரெண்டுமே மட்டமா வரும். ஒண்ணாச்சும் நல்லதா வாங்கணும்" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"நீ சும்மா கெட கெழவா" என்றார். அட்வான்சை எண்ணிக் கடைக்காரரிடம் கொடுத்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டவர், வாசலில் நின்று, திரையைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, ஒங்கக்காட்ட சொல்லு. ஆஸ்டல்ல பூட்டுற மாதிரி அலமாரி இருக்கான்னு கேட்டுக்கணும். வெல ஒசந்த சாமான். இல்லன்னா நம்ம கடையில தகரப் பொட்டி கெடக்கு, ஒண்ணு எடுத்துக்கட்டும்."

பத்து நாளில் அந்த வீட்டில் ஹாஸ்டல் என்ற சொல்லை முதலில் சொன்னவர் அவர்தான். அடுக்களைக்குள் ஓர் எவர்சில்வர் தட்டு கீழே விழுந்து வெகுநேரம் சுற்றி ஓய்ந்தது.

செய்தியைச் சொல்ல உள்ளே போனேன். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். அம்மா கீழே கிடந்த தட்டை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருநூற்று ஐம்பத்தாறு எம்.பி.க்காகத்தான் அக்கா அழுகிறாள் என்று நினைத்தேன். "அழுவாதக்கா. பின்னாடி இன்னொரு எரநூத்தி அம்பத்தாறு போட்டுக்க எடம் வச்சிருப்பாங்க" என்று ஆறுதல் சொன்னேன். அவள் என் தலையைப் பிடித்து இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டு இன்னும் அழுதாள். நடுவில் சிரிக்கவும் செய்தாள். தகரப் பெட்டி விஷயத்தை அந்த நிலையிலேயே சொல்லி முடித்தேன்.

இருபதாம் தேதிக்கு ஒரு நாள் முன்பே பெரியத்தா திருச்சிக்குப் போய்ப் பணம் கட்டி ரசீதோடு வந்தார். அடுத்த வாரம் ஹாஜியார் மகன் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டில் பிடித்துவைத்துவிடுவார்களோ, பெட்டியை யாராவது மாற்றி எடுத்துவிடுவார்களோ, சோப்புக்கட்டிகளுக்கு அடியில் வைத்து நசுங்கிப்போயிருக்குமோ என்று நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. லேப்டாப் இரண்டு துண்டுகளில் சுற்றி, பால்பவுடர் டின்னுக்கும் தைல பாட்டில்களுக்கும் நடுவில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அக்கா திறந்து, ஓடுகிறது என்று கண்டதும் உடனே மூடிவிட்டாள். விசைகளை எண்ணக்கூட விடவில்லை.

அக்கா கிளம்பிய நாளில் பெரியத்தாதான் கூடப் போனார். தகரப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளி, காலால் ஒரு முறை உதைத்து ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்தார். லேப்டாப் பையை அவரே மடியில் வைத்துக்கொண்டார். பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும் அம்மா, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வேகமாகவே நடந்தாள்.

அன்று மதியம் கடைக்காரர் அம்மாவின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். மேசை இல்லாததால் பழைய தையல் மெஷின் பலகையின் மேல் அது உட்கார்ந்தது. அவர் போன பிறகு பாகங்களை எண்ணினேன். ஒன்று குறைந்தது.

"அம்மா, கேமரா வரல. பில்லுலயும் இல்ல."

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"அப்பறம் அத்தாவ எப்புடிப் பாப்பீங்க?"

"ஒங்கத்தா மொகம் எனக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. ஆயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. கேமரா வேண்டாம் என்றால் இந்தக் கம்ப்யூட்டர் யாருக்கு என்று கேட்டேன். போய்க் கைகால் கழுவிவிட்டு வா என்றாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு பெரியத்தா வந்தார். அக்காவின் அறையில் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது, கூட இருக்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகத் திரைக்குப் பின்னால் சேர்த்தேன். பிறகு கம்ப்யூட்டரின் பக்கம் வந்தார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், குனிந்து பின்னால் ஒயர்களைப் பார்த்தார். கேமரா வைக்க வேண்டிய இடத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"என்ன தம்பி, ஒங்கத்தா மொகம் தெரியுதாமா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நல்லாத் தெரியுதுன்னு சொல்லு தம்பி" என்றது திரை.

சொன்னேன்.

"மாஷா அல்லா" என்றார் பெரியத்தா. நாற்காலியில் போய் உட்கார்ந்து, டீயை ஒரு வாய் குடித்து, கம்ப்யூட்டரை இன்னொரு தரம் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம பாக்குறப்ப எஞ் சலாத்தையும் சொல்லச் சொல்லு."

சலாத்தை எடுத்துக்கொண்டு திரைக்குப் போனேன். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பார்வை கெட்டுவிட்டதே, இனி அத்தா வரும்வரை எல்லாவற்றையும் நான் ஒருவன்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.